ஆளுக்கு ஒரு பதில்

போன மாதம் பேரனுடைய பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. கோயமுத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த நான், கூப்பிட்டார்களே என்று போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். குழந்தைகள் ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்து, இந்த வருசம் என்ன கற்றுக்கொண்டோம் என்று பேசினார்கள். பேரனுடைய முறை வருவதற்குள் என் உள்ளங்கை இரண்டும் வேர்த்துப் போக, வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அவன் ஒரு பயமும் இல்லாமல் பேசிவிட்டு இறங்கிப் போனான். பக்கத்தில் இருந்த மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க மாமா, மேலுக்கு முடியலீங்களா?" என்று கேட்டார். வெயில் என்று சொன்னேன். அது ஏசி போட்ட மண்டபம்.

நம் வயதுக்காரர்களுக்கு அந்த வேர்வை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கிராமத்துத் தொடக்கப்பள்ளியில், வருசக் கடைசியில், எழுந்து நிற்கச் சொல்லி நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். நான் ஐந்தாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

எங்கள் ஊர் பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. பள்ளிக்கூடம் ஓடு போட்ட ஒரே கட்டடம். உள்ளே இரண்டு வகுப்பறைகள், கடைசியில் சத்துணவுக்கு அரிசி, பருப்பு வைக்கிற சின்ன அறை. ஓட்டுக்குக் கீழே சுவர் முழுதாக ஏறாததால் ஓர் அறையில் பேசுவது அடுத்த அறையில் கேட்கும்.

பங்குனி பிறந்துவிட்டால் பள்ளிக்கூடத்தின் வாசமே வேறாகிவிடும். வேலியில் படர்ந்த கோவை இலையைப் பறித்து வந்து, அடுப்புக்கரியோடு சேர்த்துக் கல்லில் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். கையெல்லாம் கறுத்து, பச்சை வாடை அடிக்கும். அது காய்ந்த பிறகு சுண்ணாம்புக் கட்டியால் எழுதினால் எழுத்து பளிச்சென்று தெரியும். பழைய காலண்டர் அட்டையில் இந்திய வரைபடம் வரைந்து, ஓரத்தில் கஞ்சிப்பசை தடவித் துவரம்பருப்பு ஒட்டுவோம். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கேரளாப் பக்கம் பருப்பு இருக்காது, எறும்பு கொண்டுபோயிருக்கும். கலர்த்தாள் தோரணம் வெட்டுவோம். மற்ற பிள்ளைகளுக்கு அதெல்லாம் குதூகலம். எனக்குக் கரும்பலகை கறுக்கக் கறுக்கப் பயம் ஏறும். இவையெல்லாம் பள்ளிக்கூடங்களைச் சோதித்துப் பார்க்கிற இன்ஸ்பெக்டர் வருவதற்காக என்று தெரியும்.

அந்த வருசம் எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. ஐந்தாவது முடிந்தால் ஆறாவதுக்கு டவுன் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும். அப்பா கொப்பரைக் களத்தில் வேலை பார்த்தார். தேங்காய் உடைத்துக் காயப்போடும் களம். அங்கே என் வயதுப் பையன்களும் இருந்தார்கள். அம்மாவுக்கு என்னைப் பஸ் ஏற்றிவிட வேண்டும் என்று ஆசை. அப்பா எந்தப் பக்கமும் சாயவில்லை. "நமக்கென்ன தெரியும்? வருசக் கடைசியில வாத்தியார் என்ன சொல்றாரோ அப்படிச் செஞ்சுபோடலாம்," என்றார். ஆகவே எல்லாம் வாத்தியார் வாயில்தான் இருந்தது. எனக்குப் போக வேண்டும் என்று எவ்வளவு ஆசை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

எங்கள் வாத்தியார் அடிக்க மாட்டார். பிரம்பு அலமாரியின் மேல் தூசி படிந்து கிடந்தது. இன்ஸ்பெக்டருக்கு மட்டும் அவர் நடுங்குவார். எங்கள் பக்கத்து வாத்தியார்களுக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றுதான், வால்பாறைக்கு மாற்றிப் போட்டுவிடுவார்கள் என்பது. அவர் வீட்டம்மாவுக்கு மூச்சு வாங்கும் இளைப்பு நோய். மலைக் குளிர் ஆகாது. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் அவரே கணக்குப் பாடத்தின் நடுவில் சொல்லுவார்.

இன்ஸ்பெக்டர் என்ன கேட்பார் என்பதை மற்றப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களிடம் விசாரித்து வைத்துக்கொள்வார். எல்லாப் பதிலையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தால் ஒன்றும் நிற்காது என்பது அவருடைய எண்ணம். அதனால் ஆளுக்கு ஒரு பதில் கொடுத்துவிடுவார். அந்தக் கேள்வி வந்தால் அதற்கு உரியவன் மட்டும் கை தூக்க வேண்டும். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டு பேர் ஒன்றாகத் தூக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடுமாம். காலையிலும் சாயங்காலமும் ஒத்திகை நடக்கும். கொஞ்ச நாளில் பெயர்களே மாறிப் போயின. தலைநகரம் கிடைத்தவன் டில்லி. தேசியப் பறவை கிடைத்தவன் மயில். "ஏ டில்லி, உங்க ஆடு எங்க தோப்புல பூந்துருச்சு, ஓடியா" என்று கூப்பிடுவார்கள். அவனும் திரும்பிப் பார்ப்பான். ஒருவன் பதிலை இன்னொருவன் வாயில் போட்டுக்கொண்டால் சண்டை வந்துவிடும்.

எனக்குக் கிடைத்தது இதயம். உடம்பு முழுக்க ரத்தத்தை ஓட்டும் உறுப்பு எது என்ற கேள்விக்கு அந்த ஒரே வார்த்தைதான் பதில். அதைச் சொல்ல எனக்கு என்ன கஷ்டம் என்று உங்களுக்குத் தோன்றும். வாய்க்கால் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக் கத்திச் சொல்லுவேன், அக்கரைத் தோப்பில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் வரும். வகுப்பில் எழுந்து நின்றால் கதை வேறு. முதலில் காதுக்குள் ஒரு இரைச்சல் தொடங்கும். பிறகு நாக்கு வாயின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். வாத்தியார் காத்திருப்பார். அவர் அடித்திருந்தால் அழுதுகொண்டாவது சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் தலையைச் சாய்த்து, "சொல்லு சாமி, ஒண்ணும் பயமில்ல," என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார். அந்த நேரத்தில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பும். அவ்வளவு கண்கள். எனக்கு மூத்திரம் வந்துவிடும் போல இருக்கும்.

ஒரு நாள் அவர் பெருமூச்சு விட்டு, என் இதயத்தை மயிலுக்குக் கொடுத்துவிட்டார். மயிலிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. இப்போது அவனிடம் இரண்டு. வகுப்பில் எதுவும் இல்லாமல் நின்றது நானும், சத்துணவு ஆயா மகளும்தான்.

அவளுடைய கதை என்னுடையதற்கு நேர் எதிர். முந்தின வருசம் இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்க, அவள் எழுந்து, "இதைத்தான் கேப்பீங்கன்னு நேத்தே வாத்தியார் சொல்லிப்போட்டாருங்க," என்று சொல்லியிருக்கிறாள். இன்ஸ்பெக்டர் ஏதோ நினைவில் இருந்து சரியாகக் காதில் வாங்கவில்லை. வாத்தியார் அன்று மதியம் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு எந்தப் பதிலும் கொடுப்பதில்லை.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் காலையில் வாத்தியார் எங்கள் இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டார். எண்ணெய் வைத்து வாரிய தலையில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. சத்துணவு அறைக்குக் கூட்டிப்போய், "அவரு போற வரைக்கும் இங்கயே இருக்கோணும். சத்தம் வரக்கூடாது. போனதும் நானே வந்து தொறக்கறேன்," என்றார். ஆயா மகளிடம் மட்டும் இன்னொரு தடவை, "அம்மணி, உன்னையத்தான்," என்றார். வெளியே கொண்டி விழுந்த சத்தம் கேட்டது.

ஜன்னல் இல்லாத அறை. ஓட்டில் ஒரு கண்ணாடி ஓடு மட்டும் இருந்தது, அதுவும் கரி படிந்து மங்கிப் போயிருந்தது. சாக்கு வாசமும் எண்ணெய் டின்னின் காறல் வாடையும் சேர்ந்து குமட்டியது. மூட்டைக்குப் பின்னால் எலியோ என்னவோ எதையோ பிராண்டிக்கொண்டே இருந்தது. நான் காலைத் தூக்கிச் சாக்கின் மேல் வைத்துக்கொண்டேன். மோட்டார் பைக் சத்தம் வந்து வாசலில் நின்றது. நான் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டேன்.

"உனக்கென்னத்துக்குடா பயம்?" என்று அவள் கிசுகிசுத்தாள். "நான் பேசுவேன்னு அடைச்சாங்க. நீ பேசமாட்டேன்னு அடைச்சாங்க. இது என்ன நாயமோ."

நான் பேசாதே என்று கையைக் காட்டினேன்.

"எலி கடிச்சாக் கத்தலாமா, கூடாதா? அதைய வாத்தியார் சொல்லவே இல்லையே," என்றாள்.

பக்கத்து அறையில் பெஞ்சு நகர்ந்தது. எல்லாரும் ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். தடித்த குரல் ஒன்று கேள்வி கேட்கத் தொடங்கியது. ஒவ்வொரு பதிலாக வந்தது. உடம்பு முழுக்க ரத்தத்தை ஓட்டும் உறுப்பு எது என்றது அந்தக் குரல். மயில் எழுந்து, "இதயமுங்க," என்றான். என் சட்டையை இன்னொருவன் போட்டுக்கொண்டு என் முன்னால் நடந்துபோவது போல இருந்தது. அடுத்த கேள்வி, நம் நாட்டின் தலைநகரம் எது?

சத்தமே இல்லை.

இன்ஸ்பெக்டர் மறுபடியும் கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். வாத்தியாருடைய இருமல்தான்.

"டில்லி சந்தைக்குப் போயிருக்குது," என்றாள் ஆயா மகள் என் காதில்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று பொள்ளாச்சி மாட்டுச் சந்தை. கன்றுகளைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று டில்லியை அவன் அப்பா கூட்டிப் போய்விட்டார். தலைநகரம் எது என்று அந்த வகுப்பில் தெரியாத பிள்ளை கிடையாது. அவனைத் தினமும் அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அது அவர்களுடைய பதில் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்தது. சாக்கில் வாயை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"அஞ்சாப்புப் புள்ளைங்க, ஒருத்தருக்குமா தெரியாது?" என்ற குரலில் கோபம் ஏறியிருந்தது. "என்னங்க வாத்தியாரே, வருசம் பூரா என்ன பண்ணினீங்க? சரி விடுங்க. சத்துணவு ரூமைத் தொறங்க, அரிசி இருப்பைப் பாத்துட்டுக் கெளம்பறேன்."

நாங்கள் இருவரும் சாக்கோடு ஒட்டிக்கொண்டோம். "ரூமு தூசியா இருக்குதுங்க ஐயா," என்று வாத்தியார் சொல்வது கேட்டது. செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. கொண்டி விலகியது. வெளிச்சம் முகத்தில் அடித்ததில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாசலை அடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் நிற்பது தெரிந்தது. அவருக்குப் பின்னால் வாத்தியார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அதற்கும் பின்னால் ஆயா, கரண்டியோடு நின்றுகொண்டு, மகளைப் பார்த்துத் தன் வாயைப் பொத்திக் காட்டினாள்.

"யாரு நீங்க? எந்த வகுப்பு?"

நான் ஆயா மகளைப் பார்த்தேன். பேச்சு எல்லாம் அவளிடம்தானே இருந்தது. அவள் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வாய் மூடியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இன்ஸ்பெக்டர் ஒரு அடி உள்ளே வைத்தார். வாத்தியார் மலைக்குப் போகிறார், அவர் வீட்டம்மா குளிரில் இளைத்துச் சாகிறார் என்று எனக்குத் தோன்றியது. எப்படி வந்ததென்று இன்றைக்கும் தெரியாது. வாயிலிருந்து சத்தம் வந்துவிட்டது.

"நாங்க இந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கலீங்க. அரிசியில கல்லுப் பொறுக்க வந்தமுங்க."

வாய்க்கால் கரையில் கத்தும் அதே குரல். ஓட்டில் பட்டுத் திரும்பி வந்தது.

இன்ஸ்பெக்டர் ஆயாவைத் திரும்பிப் பார்த்தார். அவள், "ஆமாங்க சாமி, கைக்கு உதவியா இருக்குமுன்னு நாந்தானுங்க உட்டேன்," என்றாள். அவர் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டார். "ஊட்டுக்கு ஊடு போயிப் புள்ளைங்களைச் சேருங்கன்னு தொண்டை கிழியக் கத்தறோம். உங்க கண்ணு முன்னாலயே ரெண்டு புள்ளைங்க கல்லுப் பொறுக்குதுங்க. இவனைப் பாருங்க, எவ்வளவு கணீர்னு பேசறான். உள்ள உக்காந்திருக்கறவங்களைவிட இவன் தேவலை. ஜூன் மாசம் ரெண்டு பேரையும் ஒண்ணாப்புல சேத்துப்போடுங்க. இப்பவே பேரெழுதி வெய்யுங்க, ஆண்டு விழாவுக்கு வரும்போது கேப்பேன்."

"சரிங்கய்யா," என்றார் வாத்தியார்.

மோட்டார் பைக் போன பிறகு அவர் என் தலையில் கை வைத்தார். "காப்பாத்திப்போட்டே கண்ணு," என்றார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னை மெச்சியது அதுதான் முதலும் கடைசியும். எனக்குச் சந்தோசம் வரவில்லை. பெரியவர்களுக்கும் கை நடுங்கும் என்பதை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. தெரிந்த பிறகு பயம் கூடியது. தோப்பு வழியில் எந்த மோட்டார் பைக் சத்தம் கேட்டாலும் மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன்.

முழுப் பரீட்சை வந்தது. எழுதினேன். வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதால் அந்த நாட்களில் மட்டும் நன்றாகத் தூங்கினேன். ஆண்டு விழாவுக்கு இன்ஸ்பெக்டர்தான் விருந்தாளி. அதனால் எங்கள் இருவரையும் வர வேண்டாம் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். நான் பின்பக்கத் தோப்பில் ஓலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். நாங்கள் வெட்டிய தோரணம் காற்றில் படபடத்தது. டவுனிலிருந்து போட்டோக்காரர் வந்து, ஐந்தாம் வகுப்பை வரிசையாக நிற்க வைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அந்தப் போட்டோ ரொம்ப நாள் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கியது. இப்போது அந்தச் சுவரும் இல்லை.

ஆயா மகள் அந்தப் போட்டோவில் இருக்கிறாள். வாத்தியார் சொன்னதை அவள் கேட்கவில்லை. பாவாடை சட்டை போட்டுக்கொண்டு நேராகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் என்னிடம் சொன்னாள், "அந்த ஆளு என்னையப் பாத்து, என்ன பாப்பா எந்த வகுப்புன்னு கேட்டான். அஞ்சாப்புன்னேன். சாக்லேட்டுக் குடுத்தான். அவனுக்கு எங்கடா நெனப்பு இருக்குது? நீயுந்தான் வந்திருக்கலாம்." அவள் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனாள், நர்சாகி இப்போது திருப்பூரில் இருக்கிறாள்.

ரிசல்ட் சொன்ன வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் வாத்தியார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா களத்திலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மேலிலிருந்து கொப்பரைக்குப் போடும் கந்தகப் புகையின் நெடி இன்னும் போகவில்லை. அம்மா பாய் விரித்து, மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பையன் பாஸுங்க. மார்க்கும் நல்ல மார்க்குங்க," என்றார் வாத்தியார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அவர் மோரைக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. அங்க ஒரு வகுப்புக்கு அறுவது எழுவது பசங்க. இவன் வாயே தொறக்க மாட்டேங்கறான். பயந்து பயந்து சாவான். ஒரு வருசம் உங்க கூடக் களத்துக்கு வரட்டும். நாலு பேருகூடப் பழகினாக் கூச்சம் தெளிஞ்சிரும். அப்பறம் நானே கூட்டிட்டுப் போயிச் சேத்தி உடறனுங்க."

அவர் என்மேல் இருந்த இரக்கத்தில்தான் சொன்னார். இதை இப்போது முழுமனதாக நம்புகிறேன். அந்த ஒரு வருசத்தில் வீட்டுக்கு என் கூலியும் வந்து அப்பாவுக்கு அது பழகிவிடும் என்பதையோ, வாத்தியாருக்குப் பழனிப் பக்கம் மாற்றலாகும் என்பதையோ அவர் எப்படி அறிவார்? சத்துணவு அறையில் நான் பேசியதை அவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அதை வீட்டில் எடுத்துப் பேச அவருக்கும் பயம் இருந்திருக்கும்.

"படிக்கற புள்ளைய எதுக்குங்க நிறுத்தோணும்?" என்றாள் அம்மா.

அப்பா உடனே முடிவு சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏன் கண்ணு, நீ என்ன சொல்ற? இந்த வருசமே போறயா?"

அப்பா என்னிடம் அதுவரை எதையும் கேட்டுச் செய்ததில்லை. அவர் முகத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். போகிறேன் என்று நான் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அவர் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று முகங்களும் என் பக்கம் திரும்பியிருந்தன என்பதுதான். காதில் இரைச்சல் தொடங்கியது. தலையை ஆட்டினேன்.

"போறேங்கறானுங்க," என்றாள் அம்மா.

"இருக்கட்டுங்கறான் அம்மணி. போறதா இருந்தா வாயத் தொறந்து சொல்ல மாட்டானா?" என்று சிரித்தார் வாத்தியார். தலையைச் சாய்த்தார். "சொல்லு சாமி, ஒண்ணும் பயமில்ல."

அவர் காத்திருந்தார். அப்பாவும் காத்திருந்தார். அம்மா கையில் காலி மோர்ச் செம்போடு அசையாமல் நின்றாள். போகிறேனுங்க என்பது ஒரே வார்த்தை. அது நாக்கின் அடியில் இருந்தது.

"எருமைக்குத் தண்ணி காட்டிப்போட்டு வாரனுங்க," என்றேன்.

அதைச் சொல்ல மட்டும் குரல் வந்தது. அவர்களைத் தாண்டி வெளியே ஓடி, தொட்டியில் வாளியை அமிழ்த்தினேன்.  பிறகு அப்பா சொன்னது கேட்டது. "சரிங்க, ஒரு வருசம் போகட்டுங்க."

வாளி நிறைந்து தொட்டிக்குள் மூழ்கியது. எருமை தலையை நீட்டி என் தோளை முட்டியது. நான் கையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே நின்றேன்.